மிக்சரில் பிளேன்டீ கொட்டினால்

தோட்டத்துக் கோயில் திருவிழாவில் எல்லோரும் வந்து போகிற இடம் மிக்சர் வைத்திருக்கும் மேசைதான். மைக் சரியில்லை என்று ஐயர் வருவார். அறிவித்தல் எழுதிய தாளோடு கோயில் தலைவர் வருவார். அன்னதானப் பக்கமிருந்து யாராவது இஞ்சி போட்ட பிளேன்டீயைக் கொண்டுவந்து, வைக்க வேறு இடமில்லாமல் மிக்சருக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போவார். இரவு பத்து மணி, பனி, விறைத்துப்போன கை. கப் சரிகிறது.

அந்த நிமிடத்திலிருந்து அடுத்த ஐந்தாறு நாட்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் சவுண்ட் செட் வாடகைக்கு விடும் இளைஞர்களில் பலர் தவணைக்கு மிக்சர் எடுத்து, அதில் உழைத்தே தவணையைக் கட்டுகிறவர்கள். ஒரு கப் டீயோடு அது போய்விட வேண்டியதில்லை. வெறும் ஈரம் பட்ட மிக்சர் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். அதைக் கெடுப்பவை இரண்டு: உள்ளே தங்கிவிடும் சீனியும், ஈரம் காயுமுன் கொடுக்கும் கரண்டும். சீனியைத் தண்ணீராலேயே கழுவி எடுக்க வேண்டும். முழுதாகக் காயும்வரை கரண்ட் கொடுக்கக் கூடாது. நம் ஊர் மழையிலும் பனியிலும் இந்த இரண்டாவதுதான் பாடு.

முதல் ஐந்து நிமிடம்

சுவிட்சை அணைத்தால் போதாது, மிக்சரின் பிளக்கையே கழற்றுங்கள். அம்ப்ளிபயர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் முதலில் அதைக் குறைத்துவிடுங்கள். இல்லையென்றால் ஸ்பீக்கர் ஒருமுறை ‘டொம்’ என்று அடித்தாலும் பரவாயில்லை, மிக்சரை உடனே நிறுத்துவதுதான் முக்கியம். டீ மேசையில் வழிந்து எக்ஸ்டென்ஷன் போர்டுக்குள்ளும் போயிருந்தால் அதைத் தொடாதீர்கள். மெயின் சுவிட்சில் போய் அணையுங்கள். பந்தலுக்கென்று இழுத்த தற்காலிக லைனில் எர்த் ஒழுங்காக இருக்கும் என்று நம்ப முடியாது. 230 வோல்ட்டும் ஈரத் தரையும் சேரும் இடத்தில் மிக்சரைவிட ஆளின் உயிர் பெரிது.

பிறகு எல்லா வயர்களையும் கழற்றுங்கள். உலர்ந்த பருத்தித் துணியை மேலே வைத்து அழுத்தி ஈரத்தை உறிஞ்ச விடுங்கள். தேய்த்தால் மேலே நிற்கும் டீயும் பேடர் துவாரங்கள் வழியாக உள்ளே இறங்கும். அடுத்து மிக்சரைக் குப்புறக் கவிழ்த்துத் துணிமேல் வையுங்கள். அனலொக் மிக்சர்களில் சர்க்கிட் போர்டு முகப்புத் தகட்டுக்கு நேர் கீழே இருக்கும். கவிழ்த்தால், வந்த வழியிலேயே டீ வெளியேறும். நிமிர்த்தி வைத்திருந்தால் போர்டைக் கடந்து அடித்தகட்டில் தேங்கும். பவர் சப்ளை இருக்கும் பக்கம் சற்று உயரமாக இருக்கட்டும்.

அப்போதுதான் பக்கத்தில் நிற்கும் தம்பி கேட்பான்: “தொடச்சிட்டேன்ணே, ஒரு தடவ போட்டுப் பாக்கவா?” வேண்டாம். மிக்சர்கள் சாவது பெரும்பாலும் இந்தக் கேள்விக்குச் சரி என்று சொல்வதால்தான். 2019 பெப்ரவரி 6ஆம் திகதி பிராங்பேர்ட்டிலிருந்து மெக்சிகோவின் கன்கூனுக்குப் பறந்த கொண்டோர் நிறுவனத்தின் ஏர்பஸ் ஏ330 விமானத்தில், விமானியின் கோப்பி ஓடியோ கட்டுப்பாட்டுப் பலகையில் கொட்டியது. உடனே துடைத்தார்கள். அப்படியும் அந்தப் பலகை சூடேறிச் செயலிழந்தது. ஏறக்குறைய 20 நிமிடத்தில் பக்கத்துப் பலகையும் சூடேறியது. விமானி அறையில் புகை வாடை வந்து, 300க்கும் மேற்பட்ட பயணிகளோடு விமானம் அயர்லாந்தின் ஷனன் விமான நிலையத்துக்குத் திருப்பப்பட்டது. மேலே துடைத்ததால் உள்ளே போனது வெளியே வரவில்லை, கரண்ட் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவர்களால் ஆகாயத்தில் பிளக்கைக் கழற்ற முடியவில்லை. நம்மால் முடியும்.

ஈரம் இருக்கும்போது கரண்ட் கொடுத்தால் என்ன நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அனலொக் மிக்சருக்குள் ஏறக்குறைய பிளஸ் 15, மைனஸ் 15 வோல்ட் லைன்கள் ஓடுகின்றன. கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் தனியாகப் போகிறது. இரண்டு செம்புக் கோடுகளுக்கு நடுவே டீத் துளி நின்றால், பிளஸ் பக்கத்துச் செம்பு கரைந்து மைனஸ் பக்கம் நகரும். கோடு மெலிந்து பச்சை பூத்து அறும், அல்லது நடுவே மெல்லிய செம்பு இழை வளர்ந்து ஷோர்ட் ஆகும். டீ கொட்டிய நேரத்தில் மிக்சர் ஓஃபாக இருந்தால் இந்தச் சேதம் மிகக் குறைவு.

அன்றிரவு நிகழ்ச்சி நிற்க வேண்டியதில்லை. மைக் இன்புட் உள்ள அம்ப்ளிபயரோ பவர்ட் ஸ்பீக்கரோ இருந்தால் ஒரு மைக்கை நேரே அதில் போட்டு அறிவித்தலையும் பூசையையும் நடத்தலாம். நான்கு சனல் சிறிய மிக்சர் ஒன்றை வானில் வைத்திருப்பது எல்லோருக்கும் நல்லது.

எது கொட்டியது?

மறந்துபோகுமுன் ஒரு தாளில் எழுதி மிக்சரில் ஒட்டுங்கள். எது கொட்டியது என்பதைப் பொறுத்துத்தான் கழுவும் முறை மாறும்.

சீனி போட்ட பிளேன்டீ தண்ணீரில் நன்றாகக் கரையும். பால் டீ அதைவிட மோசம். பால்மாவின் கொழுப்பு வெறும் தண்ணீருக்கு அசையாது, புரதம் வெந்நீர் பட்டால் இறுகி ஒட்டும். ஆகவே ஆறிய தண்ணீரில், பாத்திரம் கழுவும் திரவம் ஓரிரு துளி கலந்து கழுவ வேண்டும். விட்டால் இரண்டு நாளில் நாற்றம் வரும். கோலா, நெக்டோ போன்ற சோடா வகைகளில் சீனியோடு அமிலமும் உண்டு, காத்திருக்காமல் அடுத்த நாளே கழுவுங்கள். கோயிலில் இன்னும் சில உண்டு. இளநீரிலும் தேங்காய்த் தண்ணீரிலும் உப்புச் சத்து இருப்பதால் அவை கரண்டை நன்றாகக் கடத்தும். அபிஷேகப் பால் பால் டீயைப் போலத்தான். விளக்கெண்ணெய் ஷோர்ட் செய்யாது, ஆனால் தூசியைப் பிடித்து வைத்திருக்கும். சுத்தமான மழைத்தண்ணீர்தான் இவற்றில் சாது. கூரையில் வழிந்து விழுந்தது என்றால் அதிலும் அழுக்கு இருக்கும்.

திறப்பதற்கு முன்

டிஜிட்டல் மிக்சர் என்றால் இந்தக் கட்டுரையின் முதல் பகுதியோடு நிறுத்திக்கொண்டு, தெரிந்த திருத்துநரிடம் கொடுங்கள். நெருக்கமான போர்டுகள், திரை, மோட்டரில் ஓடும் பேடர்கள் எல்லாம் வீட்டில் கழுவும் வேலை இல்லை. இனி வருவது அனலொக் மிக்சர்களுக்கானது.

அவற்றில் இரண்டு வகை. சிறிய மிக்சர்கள் பலவற்றுக்கு அடப்டர் வெளியே இருக்கும். அவற்றைத் திறப்பதில் பெரிய ஆபத்து இல்லை. பெரியவற்றில் பவர் சப்ளை உள்ளேயே இருக்கும். சுவிட்சிங் சப்ளையாக இருந்தால் அதன் பெரிய கப்பாசிட்டரில் 325 வோல்ட் வரை ஏறியிருக்கும், பிளக்கைக் கழற்றிய பிறகும் அது சிறிது நேரம் நிற்கலாம். மல்ட்டி மீட்டரை டீசி உயர் அளவில் வைத்து அளந்து, 10 வோல்ட்டுக்குக் கீழே வந்துவிட்டதா என்று பார்த்த பிறகே அந்தப் பக்கம் கை வையுங்கள். ஸ்குரூ டிரைவரால் ஷோர்ட் செய்து இறக்கும் பழக்கம் வேண்டாம். மீட்டர் இல்லையென்றால், அளந்து பழக்கமில்லையென்றால், பவர் சப்ளைப் பகுதியைத் தொடாமல் திருத்துநரிடம் விடுங்கள்.

திறக்கும்போது ஒவ்வொரு கட்டத்திலும் போனில் படம் எடுங்கள். எந்த ரிபன் வயர் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பது நாலு நாள் கழித்து நினைவிருக்காது. மார்க்கர் பேனாவால் இணைப்பியிலும் போர்டிலும் ஒரே எண்ணை எழுதிவிடுங்கள். முட்டை அட்டை ஒன்றை எடுத்து, கழற்றும் வரிசையிலேயே ஒவ்வொரு குழியிலும் ஸ்குரூக்களைப் போடுங்கள். குமிழ்களை நேராக மேலே இழுத்தால் வந்துவிடும். அவற்றுக்குக் கீழே இருக்கும் நட்டுகளைக் குறடால் திருகினால் முகப்பில் கீறல் விழும், பொக்ஸ் ஸ்பானரே நல்லது.

போர்டு வெளியே வந்ததும் நல்ல வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். டீ எங்கே போனது என்று அதுவே காட்டும். கொன்ட்ரோல்களின் கால்களைச் சுற்றிப் பழுப்பு வளையம் நிற்கும். பேடரின் அடிப்பக்கத்தில் ஒரு துளி பாகாகத் தொங்கும். சில நாள் கிடந்த மிக்சர் என்றால் எறும்பு வரிசை பிடித்திருக்கும், எறும்பு போகும் இடத்திலெல்லாம் சீனி இருக்கிறது. கழுவும் முன் இந்த இடங்களையும் படமெடுங்கள். பிறகு ஒரு சனல் பேசாவிட்டால் முதலில் தேட வேண்டிய இடம் அதுதான்.

கழுவுதல்

இங்கேதான் பலருக்குக் கை வராது. டீயால் கெட்ட பொருளை மறுபடி தண்ணீரில் போடுவதா என்று தயங்கி, பார்மசியில் ஸ்பிரிட் வாங்கித் துடைப்பார்கள், அல்லது கொன்டாக்ட் கிளீனரை அடித்துவிட்டு முடித்துவிடுவார்கள். சீனி தண்ணீரில்தான் கரையும். ஐசோபுரோபைல் அல்ககோலில் அது கரைவதே இல்லை என்று சொல்லலாம். ஸ்பிரிட்டால் துடைத்த மிக்சர் அன்றைக்குப் பளிச்சென்று இருக்கும், மழை நாளில் சீனி காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு மறுபடி கசியும். பார்மசி ஸ்பிரிட் சிலவற்றில் எண்ணெயும் கலந்திருக்கும். மண்ணெண்ணெய், பெற்றோல், தின்னர் எதுவும் வேண்டாம். பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும், முகப்பு எழுத்தையும் எடுத்துவிடும். கைச் சுத்திகரிப்பு ஜெல், டபிள்யூடி-40 இரண்டும் பிசின் போல் ஒரு படலத்தை விட்டுப் போகும்.

முதல் கழுவல் சுத்தமான குழாய்த் தண்ணீரில். பீலித் தண்ணீர் என்றால் துணியில் வடிகட்டுங்கள், மண் துகள் பேடருக்குள் போனால் கீறும். போர்டை ஒரு தட்டில் சாய்த்து வைத்து, மென்மையான பல் துலக்கும் பிரஷால் பழுப்பு வளையங்களை மெதுவாகத் தேய்த்து, தண்ணீரை ஊற்றி வடிய விடுங்கள். வழியும் தண்ணீர் நிறமில்லாமல் வரும்வரை கழுவுங்கள். அதன் பிறகு டிஸ்டில்ட் வாட்டரால் இரண்டு முறை. குழாய்த் தண்ணீரின் உப்பு போர்டில் காய்ந்து நிற்காமலிருக்கத்தான் இது. பெற்றோல் ஷெட்டில் பற்றரிக்கு ஊற்ற வைத்திருப்பார்கள். போத்தலில் எழுதியிருப்பதை வாசித்து வாங்குங்கள், பக்கத்திலேயே பற்றரி அசிட்டும் இருக்கும்.

கடைசியாக 99 வீத ஐசோபுரோபைல் அல்ககோல். இலத்திரனியல் உதிரிப்பாகக் கடைகளில் கேளுங்கள், கிடைக்காவிட்டால் கொழும்பு புறக்கோட்டையில் முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் போகிறவரிடம் சொல்லிவிடுங்கள். அது போர்டில் நிற்கும் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு சீக்கிரம் ஆவியாகும். தீப்பிடிக்கும் பொருள் என்பதால் அடுப்பு, விளக்கு, சிகரெட் எதுவும் கிட்டே கூடாது. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

டிரான்ஸ்போமர், ரிலே, திரை, மீட்டர், சுவிட்சிங் சப்ளைப் போர்டு ஆகியவற்றைத் தண்ணீரில் நனைக்காதீர்கள். பட்ட இடத்தை மட்டும் ஈரத் துணியாலும் பிறகு அல்ககோலாலும் துடையுங்கள்.

காயவைத்தல்

தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. மழை நாளில் கொழுந்து வாட்ட வெறும் காற்றை ஊதினால் போதாது, சூட்டையும் கலக்க வேண்டும். மிக்சருக்கும் அதே கதைதான். நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே பனி இறங்கிய இரவில் 15 பாகைக் குளிர்க் காற்றால் இன்னும் ஈரத்தை ஏற்க முடியாது. ஃபேனை விடிய விடியப் போட்டாலும் காயாது. அதே காற்றை 40 பாகைக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதன் ஏறக்குறைய 23 வீதத்துக்கு இறங்கும், அப்போது அது ஈரத்தை இழுக்கத் தொடங்கும்.

அதற்கு ஒரு பழைய தகரப் பெட்டி போதும். அடியில் 40 வொட் இழை பல்ப் ஒன்றைப் பீங்கான் ஹோல்டரில் நிறுத்துங்கள், எல்ஈடி பல்ப் போதிய சூடு தராது. கோழிக்குஞ்சுக்குப் போடும் பல்ப்பும் சரி. அதற்கு மேலே, ஓரடி இடைவெளி விட்டு, கம்பி வலையில் போர்டை வையுங்கள். கீழே காற்று நுழையத் துளைகள் வேண்டும். மூடியை இரண்டு விரல் அளவு திறந்து வையுங்கள், இல்லையென்றால் ஈரம் உள்ளேயே சுற்றும். போர்டு இருக்கும் உயரத்தில் வெப்பமானி வைத்து 40க்கும் 45க்கும் இடையில் பிடியுங்கள். 50ஐத் தாண்ட விடாதீர்கள். கடதாசிப் பெட்டியில் இதைச் செய்யாதீர்கள். ஆள் இல்லாத வீட்டிலும், எல்லோரும் தூங்கும் நேரத்திலும் பல்ப்பை எரியவிடாதீர்கள்.

பகலில் எரிய விட்டு, இரவில் அணைத்து மூடிவைத்தால் இரண்டு முழுப் பகலாவது வேண்டும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், அதுவும் வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் என்றால் மூன்று நாள் கொடுங்கள். டிரான்ஸ்போமருக்குள் டீ இறங்கியிருந்தால் ஐந்து நாள். அரிசி மூட்டைக்குள் புதைப்பதால் எந்தப் பயனும் இல்லை. அரிசி திறந்த காற்றைவிட வேகமாக ஈரத்தை எடுப்பதில்லை, அதன் மாவுத் தூசி பேடருக்குள் போகும். அடுப்புக்கு மேலே பரணில் வைப்பதும் கூடாது, புகைக்கரி படியும். தலைமுடி காயவைக்கும் கருவி ஒரே இடத்தைச் சுட்டு, மற்ற இடத்தை ஈரமாகவே விடும்.

பேடர்கள்

கழுவும்போது சீனியோடு பேடரின் கிறீசும் போய்விடும். காய்ந்த பிறகு தள்ளிப் பார்த்தால் கரகரவென்று இருப்பது அதனால்தான், கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். பேடருக்கென்றே உள்ள மசகை ஒரு சிறு அளவு விட்டு, மேலும் கீழுமாக இருபது முப்பது முறை ஓட்டுங்கள். டிஒக்சிட் வகையில் எஃப்5 என்பது பேடருக்கானது. டி5 உலோகத் தொடர்புகளுக்கானது, அதைக் கரிப் பாதையில் அடிக்காதீர்கள்.

அதற்கும் சரிவராத பேடரை மாற்ற வேண்டும். அதன் உடம்பில் ‘பி10கே’, ‘ஏ10கே’ என்பது போல ஆங்கில எழுத்தில் அச்சிட்டிருக்கும். முன்னால் உள்ள எழுத்துக் கூடும் விதத்தைச் சொல்லும்: ஆசியத் தயாரிப்புகளில் பெரும்பாலும் பி என்றால் சீராக ஏறுவது, ஏ என்றால் காதுக்கேற்ப வளைந்து ஏறுவது. அடுத்தது ஓம் அளவு. அதோடு ஓட்டத்தின் நீளத்தையும், கால்கள் நிற்கும் விதத்தையும் படமெடுத்து அனுப்பிக் கேளுங்கள். எழுத்தை மாற்றி வாங்கினால் பேடர் பொருந்தும், ஆனால் சத்தம் முழுவதும் ஒரு மூலையில் குவிந்து நிற்கும்.

மறுபடி கரண்ட்

முதலில் மீட்டரில், பிளக் போடாமல், பிளஸ் லைனுக்கும் கிரவுண்டுக்கும், மைனஸ் லைனுக்கும் கிரவுண்டுக்கும் இடையே ஓம் பாருங்கள். சில ஓம்களே காட்டினால் எங்கோ ஷோர்ட், கரண்ட் கொடுக்காமல் தேட வேண்டும். பிறகு சீரிஸ் பல்ப் வழியாகக் கொடுங்கள்: 60 வொட் இழை பல்ப் ஒன்றை லைன் வயரில் தொடராக இணைத்தால் போதும். பல்ப் ஒரு கணம் மின்னி மங்கினால் நல்லது. பிரகாசமாகவே எரிந்தால் உடனே கழற்றுங்கள்.

பவர் சப்ளையை முதலில் தனியாகவும், பிறகு போர்டுகளோடும் அளந்து பாருங்கள். எல்லா லைனும் சரியாக நின்ற பிறகு, நல்ல மொனிட்டரில் போடாமல் ஒரு மலிவான ஸ்பீக்கரில் போட்டு, பேடரைக் கீழேயிருந்து மெதுவாக ஏற்றுங்கள். முதல் சோதனைக்கு ஹெட்போனைக் காதில் மாட்டாதீர்கள். போனில் ஒரு பாட்டை ஓடவிட்டு ஒவ்வொரு சனலாக, கெயின், ஈகியூ, ஓக்ஸ், பேன், பேடர் என்று மேலிருந்து கீழே வாருங்கள். கரகரப்பு, விட்டு விட்டு வரும் சத்தம், ஒரு பக்கம் மட்டும் பேசுவது எல்லாவற்றையும் சனல் எண்ணோடு எழுதுங்கள்.

ஒரு சனல் முழுதாக ஊமையாக இருந்தால், அல்லது ‘ம்ம்’ என்று மட்டும் வந்தால், அந்தச் சனலின் எட்டுக்கால் ஐசியைப் பாருங்கள். பெரும்பாலும் 4580 என்று எழுதியிருக்கும். எட்டாம் காலில் பிளஸ், நான்காம் காலில் மைனஸ் வர வேண்டும். ஒன்றாம், ஏழாம் கால்களில் டீசி ஏறக்குறைய பூச்சியமாக இருக்க வேண்டும். அங்கே 12, 13 வோல்ட் நின்றால் ஐசி போய்விட்டது, அல்லது அதைச் சுற்றி இன்னும் சீனி இருக்கிறது. மாற்றும் முன் அந்த இடத்தை மறுபடி கழுவிக் காயவைத்துப் பாருங்கள். பச்சை பூத்து அறுந்த கோடு இருந்தால் மேற்பூச்சைச் சுரண்டி மெல்லிய வயர் ஒன்றைப் பற்றவைத்துத் தாண்டலாம்.

48 வோல்ட்டைக் கடைசியில் போடுங்கள். மைக் சொக்கட்டின் ஒன்றாம் துவாரத்துக்கும் இரண்டுக்கும், ஒன்றுக்கும் மூன்றுக்கும் இடையே அளந்து பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒன்று குறைந்து நின்றால் அந்தச் சொக்கட்டைச் சுற்றிக் கசிவு இருக்கிறது, கண்டென்சர் மைக்கை அதில் செருகாதீர்கள்.

எல்லாம் சரியென்றால் மிக்சரை மூடி, நான்கு மணி நேரம் தொடர்ந்து ஓடவிட்டு, முகப்பில் கை வைத்து எங்காவது வழக்கத்துக்கு மேல் சுடுகிறதா என்று பாருங்கள். உடனே திருவிழாவுக்கு அனுப்பிவிடாமல், சிறிய கூட்டம் ஒன்றுக்குக் கொண்டுபோய், மாற்று மிக்சரையும் வானில் வைத்துக்கொள்ளுங்கள். கழுவாமல் விட்ட சீனி வெயில் நாளில் தெரியாது. ஆகவே அடுத்த தொடர் மழையில், பனி இறங்கிய ஒரு மாலையில், எல்லாச் சனலையும் இன்னொருமுறை போட்டுக் கேளுங்கள். அப்போதும் கரகரப்பு இல்லையென்றால் பெரிய திருவிழாவுக்கு அட்வான்ஸ் வாங்கலாம். இருந்தால், எழுதி வைத்த சனல் எண்ணைப் பார்த்து, அந்த இடத்தை மட்டும் திறந்து மறுபடி டிஸ்டில்ட் வாட்டரிலிருந்து தொடங்குங்கள்.